ரீபோர் பட்டறையில் கற்ற வேலையை வைத்து அடுத்து எங்கே போவது?

போரிங்பார்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் ஒரு ரீபோர் பட்டறையில், அதாவது தேய்ந்த எஞ்சின் பாகங்களைக் கடைந்து மறுபடி அளவுக்குக் கொண்டு வரும் இடத்தில் வேலை பார்க்கிறேன். பத்தாவது முடித்ததும் சேர்ந்தது, ஐடிஐ போகவில்லை, இப்போது வயது 25. பிளாக் ரீபோர், ஹோனிங், லைனர் மாற்றுவது, ஹெட் பேசிங், வால்வு சீட் வெட்டுவது, கைடு மாற்றுவது, கனெக்டிங் ராடுக்குப் புஷ் அடித்து சைஸ் எடுப்பது இதெல்லாம் தனியாகச் செய்வேன். கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைச் சாணைக் கல்லில் தீட்டி அளவுக்குக் கொண்டு வருவது) மட்டும் மேஸ்திரி கையில் இருக்கிறது. நான் கிராங்கை ஏற்றி இறக்குவேன், கல் டிரஸ் செய்து கொடுப்பேன், டயல் வைத்துப் பார்க்கும்போது கூட நிற்பேன்.

வேலை வரத்து குறைந்துகொண்டே வருகிறது. நான் சேர்ந்த காலத்தில் டாடா 697, லேலண்டு ஆறு சிலிண்டர் பிளாக்குகள் வாசல் வரை வரிசையாகக் கிடக்கும். இப்போது டிராக்டர், ஜெனரேட்டர், பழைய லாரி என்று ஏதோ வருகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிகள் எங்களைப் போன்ற பட்டறைக்கு வருவதே அபூர்வம், கம்பெனி சர்வீஸிலேயே முடிந்துவிடுகிறது. முதலாளியின் மகனுக்கு இதில் விருப்பம் இல்லை, பட்டறையை எத்தனை நாள் நடத்துவார் என்று தெரியவில்லை.

வேலை தேடலாம் என்று விளம்பரம் பார்த்தால் ‘மெஷினிஸ்ட் தேவை’ என்று போட்டிருப்பதெல்லாம் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டர் வேலைதான். எஞ்சின் மெஷினிங் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாருமே போடுவதில்லை. இந்த வேலைக்கு இனி ஆளே தேவை இல்லையா, இல்லை நான் தேடுகிற இடம்தான் தப்பா? சிஎன்சி பக்கம் மாறிவிடலாமா? வெளிநாட்டில் இதற்கு வேலை இருக்கிறது என்கிறார்கள், உண்மையா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

---

கம்ப்ரசர்காரன்

தம்பி, நான் திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி) எஞ்சின், கம்ப்ரசர் எஞ்சின்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. ஆள் தேவை இல்லையா என்று கேட்டாய். எனக்கே ஆள் இல்லை. ஆனால் நான் எங்கேயும் விளம்பரம் போட்டதில்லை, எனக்குத் தெரிந்த எந்த ரீபோர் கடைக்காரரும் போட்டதில்லை. இந்தத் தொழிலில் ஆள் பிடிப்பதெல்லாம் வாய்வழிதான். ஸ்பேர் கடைக்காரரிடம் சொல்லி வைப்போம், எஞ்சின் கட்டுகிற மெக்கானிக்கிடம் சொல்லி வைப்போம், பிஸ்டன், பேரிங் கொண்டு வருகிற சேல்ஸ் ரெப் எந்தப் பட்டறையில் நல்ல கை இருக்கிறது என்று எங்களை விட நன்றாக அறிவார். அதனால் நீ இணையத்தில் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, உன் பட்டறைக்கு வந்து போகிற ரெப் இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் மூன்று ஊரிலும் ஒரு வாரத்தில் செய்தி பரவிவிடும்.

வருகிற ஆளை எப்படிப் பார்ப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் கேட்க மாட்டேன். ஓடித் தேய்ந்த 697 பிளாக் ஒன்றைக் காட்டி, போர் டயல் கேஜைக் கையில் கொடுத்து, அளந்து எழுதிக் கொடு என்பேன். 97 மி.மீ போர். மேலே ரிங் திரும்புகிற இடத்தில், நடுவில், கீழே என்று மூன்று மட்டம், ஒவ்வொன்றிலும் கிராங்க் வாக்கில் ஒன்று, குறுக்கு வாக்கில் ஒன்று. ஆறு சிலிண்டருக்கு 36 அளவு. கேஜை மைக்ரோமீட்டரில் ஜீரோ வைத்துவிட்டுத் தொடங்குகிறானா, பிளாக் வெயிலில் கிடந்து சூடாக இருந்தால் ஆறட்டும் என்கிறானா, எந்த சிலிண்டர் எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போயிருக்கிறது, 20 தௌ ஓவர்சைஸில் (அவ்வளவு பெரிய பிஸ்டனில்) நிற்குமா 40க்குப் போக வேண்டுமா என்று தானாகச் சொல்கிறானா, இவ்வளவுதான் இன்டர்வியூ. மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. அளவை நம்பி ஒப்படைக்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பட்டறை மூடுவதற்கு முன்னால் கிராங்க் கிரைண்டிங்கை மேஸ்திரியிடம் கற்றுக்கொண்டு வெளியே வா. போரிங் பார் ஓட்டுகிறவனுக்கு ஒரு சம்பளம் என்றால் கிராங்க் கிரைண்டருக்கு வேறு சம்பளம், அதோடு அவனை யாரும் எளிதில் விட மாட்டார்கள். ஜர்னலில் (பேரிங் உட்காருகிற உருளைப் பகுதியில்) 10 தௌ, 20 தௌ எடுப்பது பெரிய காரியம் இல்லை. திரோவை (ஜர்னல் மையத்திலிருந்து விலகி நிற்கும் தூரத்தை) சரியாக செட் செய்வது, ஜர்னல் ஓரத்து வளைவான ஃபில்லட் ரேடியஸைக் கெடுக்காமல் கல்லின் முனையை டிரஸ் செய்வது, எண்ணெய்த் துளையின் விளிம்பை மழுக்கி விடுவது, அப்புறம் பாலிஷ். ஃபில்லட் கூராகிவிட்டால் கிராங்க் அங்கேயேதான் உடையும், பேரிங் எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் காப்பாற்றாது. ரிக் கம்ப்ரசர் எஞ்சின் முழு லோடில் மணிக்கணக்காக ஓடுகிறது, அதில் இந்தத் தவறு சீக்கிரமே தெரிந்துவிடும். நைட்ரைடு செய்த (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய) கிராங்காக இருந்தால் கடினமான தோல் மிக மெல்லியது, கிரைண்ட் செய்யும்போது அது போய்விடும், திரும்ப நைட்ரைடு செய்யாமல் கொடுக்கக் கூடாது. கிராக் டெஸ்ட் பார்க்காமல் கிராங்கைக் கல்லில் வைக்காதே. இதையெல்லாம் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பையன் வந்தால் நான் அன்றைக்கே சேர்த்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் வெளிமாநிலம் போன ரிக்குகள் ஊர் திரும்பும். எஞ்சின் இறக்குவது எல்லாம் அப்போதுதான். வேலை கேட்டு வருவதானால் அதற்குச் சற்று முன்னால் வா.

---

ஜி54

கோவையிலிருந்து எழுதுகிறேன், விஎம்சி (செங்குத்து சிஎன்சி மெஷின்) செட்டர். மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஒரு பக்கம்தான். 25 வயதில் இருக்கிற ஒருவர் அடுத்த முப்பது வருடத்துக்கும் யோசிக்க வேண்டும் இல்லையா. பைக்கில் இரும்பு சிலிண்டர் போய், உட்சுவரில் கோட்டிங் போட்ட அலுமினியம் வந்துவிட்ட வண்டிகள் எத்தனை, அதையெல்லாம் பழைய மாதிரி ரீபோர் செய்ய முடியாது, சிலிண்டரோடு மாற்றுவதுதான். ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் மின்சாரத்துக்குப் போகின்றன. சின்ன எஞ்சினை நம்பி இருக்கிற ரீபோர் கடைகளுக்கு இனி கஷ்டம்தான்.

சிஎன்சிக்கு வருவதாக இருந்தால் ஒரு வித்தியாசத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஆபரேட்டர் வேறு, செட்டர் வேறு. ஆபரேட்டர் வேலை என்பது பீஸைப் போடு, பட்டனை அமுக்கு, எடு, கேஜ் போட்டுப் பார், அடுத்த பீஸ். அதில் வருடக்கணக்காக நின்றுபோன பையன்கள் இங்கே கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கமெல்லாம் இருக்கிறார்கள், சம்பளமும் அதே இடத்தில்தான் நிற்கும். செட்டர் என்றால் டிராயிங் படித்து, ஃபிக்ஸ்ச்சர் ஏற்றி டயல் அடித்து, ஜி54 ஜீரோ (ஜாப்பின் தொடக்கப் புள்ளி) எடுத்து, டூல் லெங்த் போட்டு, முதல் பீஸை அளவில் கொண்டு வந்து கொடுப்பவர். பிறகு அளவு நகர்ந்தால் டூல் தேய்ந்ததா, இன்சர்ட் உடைந்ததா, ஜாப் கிளாம்பிங்கில் வளைகிறதா என்று கண்டுபிடிப்பவர்.

ரீபோர் பட்டறையில் இருந்து வருகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் பம்ப் கேசிங் போர் அளவு விட்டுப்போனால் காரணம் கண்டுபிடிக்க எத்தனையோ பேர் திணறுவார்கள், கிளாம்ப் இறுக்கத்தில் போர் முட்டை வடிவம் ஆகும் என்பது போரிங் பார் ஓட்டியவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்களுக்கு இல்லாதது புரோகிராமும் டிராயிங்கும்தான். ஃபானுக் கண்ட்ரோலில் அடிப்படை கோடுகள், ஆஃப்செட் போடுவது, ஜியாமெட்ரிக் டாலரன்ஸ் குறிகள், இவற்றைச் சில மாதம் மாலை வகுப்பில் கற்கலாம். ஆனால் வெறும் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் காட்டுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். உண்மையான மெஷின் இருக்கிறதா, நம் கையால் டூல் கட்டி ஆஃப்செட் எடுக்க விடுவார்களா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். முதலில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் சேருவது நல்லது. பெரிய கம்பெனியில் ஒரே லைனில் ஒரே மெஷினில் நிறுத்திவிடுவார்கள், சின்ன யூனிட்டில் இன்று பம்ப் பாகம், நாளை டெக்ஸ்டைல் மெஷின் பாகம், எல்லாம் நீங்களே செட் செய்ய வேண்டி வரும். சம்பளம் ஆரம்பத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், கற்பது அதிகம்.

---

கம்ப்ரசர்காரன்

கோவை நண்பர் சொல்வதில் பைக், ஆட்டோ விஷயம் சரி. ஆனால் ரிக், ஜெனரேட்டர், டிராக்டர், மண் அள்ளுகிற இயந்திரம், மீன்பிடிப் படகு இதெல்லாம் டீசலில்தான் ஓடுகின்றன, அவற்றின் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது யாருக்கும் கட்டாது. கம்மின்ஸ் 5.9 பிளாக்கில் லைனரே (கழற்றி மாற்றுகிற உட்குழாய்) கிடையாது, போர் போனால் ஓவர்சைஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். அதற்கு எங்களைப் போன்ற கடைக்குத்தான் வர வேண்டும். அப்புறம் புதிய எஞ்சின்களில் அலுமினிய ஹெட், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் என்று வந்திருப்பதால் பேசிங் பினிஷ் பழையபடி இருந்தால் கேஸ்கெட் நிற்காது. கடைகள் குறையும், இருக்கிற கடைகள் நல்ல மெஷின் போட வேண்டி வரும், அந்த மெஷினுக்கு ஆள் வேண்டும். என் கணக்கு இதுதான்.

---

கடலோர டீசல்

படகு என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி எஞ்சின் பிரிப்பார்கள். தடை முடிகிற அன்று எல்லாப் படகும் கிளம்பியாக வேண்டும், அதனால் மே மாதம் முழுக்க ரீபோர் கடைகளில் இரவு பகல் வேலை. காசிமேடு, நாகப்பட்டினம் பக்கமும் இப்படித்தான் என்று அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வெளியூர் ஆட்களை அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கூப்பிடும் கடைகள் உண்டு. தங்க இடம் கொடுத்து, ஜாப் கணக்கில் கூலி.

உங்கள் முதலாளி சம்மதித்தால் ஒரு சீசன் வந்து பாருங்கள். நிரந்தர வேலையாக இல்லாவிட்டாலும் புதுக் கடைகளின் பழக்கம் கிடைக்கும். படகு எஞ்சினில் ஹெட் வேலை அதிகம், உப்புத் தண்ணீர் சம்பந்தப்பட்ட அரிப்பு நிறைய பார்ப்பீர்கள். ஹெட் பேசிங் முடித்ததும் வால்வு ரிசஸ் ஆழம் (வால்வு ஹெட் மட்டத்துக்கு எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை) பார்த்துக் கொடுப்பவர்களுக்கு இங்கே நல்ல பெயர், ஏனென்றால் பல இடங்களில் அதைப் பார்க்காமல் கொடுத்து, எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் வால்வில் தட்டிப் போய் நடுக்கடலில் நின்ற கதைகள் உண்டு. இன்னொன்று, ஹோனிங் முடிந்த போரை டீசலில் மட்டும் கழுவிக் கொடுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை தேய்த்து, உடனே எண்ணெய் பூசுங்கள். கல் துகள் உள்ளே தங்கினால் புது ரிங் எத்தனை நாள் தாங்கும்?

---

பாலைவன டர்னர்

வெளிநாடு பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஷார்ஜாவில் எஞ்சின் ரீபில்ட் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். வேலை உண்மையிலேயே இருக்கிறது. கிரேன், ஜெனரேட்டர், கப்பல் துணை எஞ்சின், டிரக் எல்லாம் இங்கே பிரித்துக் கட்டுகிறார்கள். மெஷின்கள் பெர்கோ, ஏஎம்சி ஷூ, சன்னன், ராட்லர் போன்றவை. ராஜ்கோட் மெஷினில் பழகிய கைக்கு இது சில வாரத்தில் பிடிபட்டுவிடும். இங்கே ‘மெஷினிஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் உங்களை லேத்தில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள், அதனால் பயோடேட்டாவில் கிராங்க் கிரைண்டிங், சிலிண்டர் போரிங், லைன் போரிங், ஹெட் என்று தனித்தனியாக, எந்த எஞ்சின் மாடல், எந்த மெஷின் என்று எழுதுங்கள். வேலை செய்வதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவு எடுப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே இருக்கிற போர்மேன்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஆனால் வருகிற வழியில் கவனம் தேவை. விசிட் விசாவில் வா, வந்ததும் மாற்றித் தருகிறோம் என்று சொல்கிற ஆளை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது இங்கே சட்டப்படி குற்றம், மாட்டுவது நீங்கள்தான், அனுப்பியவன் இல்லை. ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அது விதிக்குப் புறம்பானது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது, அங்கே பதிந்து வையுங்கள். பத்தாவது தேறியிருப்பதால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த மதிப்பெண் சான்றைக் கட்டாயம் இணைத்துவிடுங்கள், குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்டாகக் கிடைக்கும். வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எப்படி, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதை ஊரில் இருக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

கோடையில் ஷெட்டுக்குள் வேலை செய்வது கொடுமை, அதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தை விட்டு இருப்பது இன்னும் கஷ்டம். எனக்கு வீட்டுக் கடனை அடைக்க இது உதவியது, அதனால் போகாதே என்று சொல்ல என்னால் முடியாது.

---

போரிங்பார்

எல்லா அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் பேசினேன். கிராங்க் மெஷினில் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒதுக்கிப் போட்ட கிராங்கில் பழகு, பழகியதும் டிராக்டர் கிராங்க் தருகிறேன் என்றார். அவருக்கும் தனக்குப் பிறகு யார் என்ற கவலை இருந்திருக்கிறது, நான் கேட்டதில் சந்தோஷம்தான்.

கம்ப்ரசர்காரன் அண்ணே, அங்கே ஒருநாள் நேரில் வந்து பார்க்கலாமா? இன்னொரு கேள்வி எல்லோருக்கும். ஐடிஐ சான்றிதழ் இல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோவை கம்பெனிகளும் வெளிநாட்டிலும் கடைசியில் பேப்பர் கேட்பார்கள் அல்லவா. இந்த வயதில் இரண்டு வருடம் வேலையை விட்டு ஐடிஐயில் உட்கார வீட்டு நிலைமை இடம் கொடுக்காது.

---

கம்ப்ரசர்காரன்

தாராளமாக வா தம்பி. தனிச்செய்தியில் போன் நம்பர் அனுப்பியிருக்கிறேன். வரும்போது உன் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வா.

---

ட்ரேடு டெஸ்ட்

ஐடிஐ ஒன்றில் டர்னர் பிரிவில் பாடம் எடுக்கிறேன். வேலையை விட வேண்டாம், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. தமிழ்நாடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு அறிவிப்பு வெளியிடும். 21 வயது நிறைந்து, அந்தத் தொழிலில் 3 ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். தேறினால் கிடைப்பது ஐடிஐ முடித்தவர்களுக்குக் கொடுக்கிற அதே தேசியத் தொழிற்சான்றிதழ்.

உங்களுக்கு டர்னர், மெஷினிஸ்ட், டீசல் மெக்கானிக் மூன்றில் எது பொருந்தும் என்று யோசித்தால், மெஷினிஸ்ட் என்பேன். பாடத்தில் மில்லிங், கிரைண்டிங், சிஎன்சி வருகிறது, கிராங்க் கிரைண்டிங் பழகுவதும் கோவை நண்பர் சொன்ன செட்டர் பாதையும் அதோடு ஒத்துப்போகும். டீசல் மெக்கானிக் எளிதாகத் தேறலாம், ஆனால் அது எஞ்சின் கட்டுகிற பக்கம், மெஷின் பக்கம் இல்லை. செய்முறையில் உங்களுக்குப் பயம் வேண்டாம். எழுத்துத் தேர்வில்தான் வேலை செய்து வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள், ஒர்க்‌ஷாப் கணக்கு, டிராயிங் இரண்டுக்கும் இப்போதே உட்காருங்கள். கட்டிங் ஸ்பீடு, டேப்பர் கணக்கு, இண்டெக்ஸிங் கணக்கு கட்டாயம் பாருங்கள்.

ரயில்வே ஆசை இருந்தால் சொல்கிறேன், பொன்மலை பணிமனை போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் எடுக்கும்போது வயது வரம்பு பொதுப் பிரிவுக்குப் பெரும்பாலும் 24 வாக்கில் முடிந்துவிடும், இட ஒதுக்கீட்டில் தளர்வு இல்லாவிட்டால் உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ரயில்வே உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் தேர்வுகளுக்கு இந்தச் சான்றிதழோடு போகலாம், அவற்றுக்கு வயது வரம்பு அதைவிட அதிகம். அறிவிப்பு வரும்போது உங்கள் பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முதல் வேலையாக இப்போதைய முதலாளியிடம் அனுபவச் சான்று வாங்குங்கள். பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளில், ஜிஎஸ்டி எண் அல்லது உத்யம் (சிறுதொழில்) பதிவு எண்ணோடு, நீங்கள் சேர்ந்த தேதி, செய்த வேலைகள் எல்லாம் எழுதி, முத்திரை, கையெழுத்தோடு. பட்டறை மூடிய பிறகு அதை வாங்க அலைவது பெரும்பாடு. ஈ.எஸ்.ஐ, பி.எஃப் பிடித்திருந்தால் அந்த எண்களையும் குறித்து வையுங்கள், அனுபவத்துக்கு அதுவே ஆதாரம்.

---

போரிங்பார்

உத்யம் பதிவு இருக்கிறது சார், சுவரில் மாட்டியிருக்கிறார். பி.எஃப் கிடையாது. சான்று நாளைக்கே கேட்கிறேன். ஒர்க்‌ஷாப் கணக்குக்குத் தமிழில் புத்தகம் கிடைக்குமா?

---

ட்ரேடு டெஸ்ட்

கிடைக்கும். ஐடிஐ பாடப் புத்தகங்கள் தமிழிலும் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற அரசு ஐடிஐக்குப் போய், தனித்தேர்வு எழுதப் போகிறேன் என்று மெஷினிஸ்ட் பிரிவு ஆசிரியரைப் பாருங்கள். பழைய கேள்வித்தாள்களும் அவரிடம் இருக்கும், விண்ணப்பம் எந்த மாதம் வருகிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.